எந்த லீ நா? சீன வீரர்களின் பெயர் ஒற்றுமைக்குப் பின்னால்

பெண்களுக்கான 10 மீட்டர் மேடை ஜோடி டைவிங், 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அன்று முதல் அந்தத் தங்கத்தைச் சீனா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதல் நான்கு ஒலிம்பிக்குகளில் வென்ற ஜோடிகள் இவை: சிட்னியில் லீ நா, சாங் ஷுவே, ஏதென்ஸில் லாவ் லீஷி, லீ டிங், பெய்ஜிங்கில் வாங் ஷின், சென் ருவோலின், லண்டனில் சென் ருவோலின், வாங் ஹாவ்.

விளையாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைப்பார்கள். லீ நா டென்னிஸ் வீராங்கனை அல்லவா? லீ டிங்கும் டென்னிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் ஆயிற்றே? வாங் ஷின், சாய்னா நேவாலுடன் பேட்மிண்டன் ஆடியவர்தானே? வாங் ஹாவ் என்பவர் டேபிள் டென்னிஸ் ஆடிய ஆண் வீரர் என்றுதானே நினைவு?

எல்லா நினைவும் சரிதான். ஆனால் அவர்கள் வேறு, இவர்கள் வேறு. ஒரே போட்டியில் அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற நான்கு பெண்களுக்கு, வேறொரு விளையாட்டில் உலகப் புகழ் பெற்ற பெயர்க்காரர், அதாவது அதே பெயர் கொண்டவர், தலா ஒருவர் இருக்கிறார். இது வெறும் தற்செயல் அல்ல. சீனாவில் ஒரு தலைமுறைக்குப் பெயர் வைத்த விதம், சீன எழுத்தின் இயல்பு, அந்தப் பெயர்கள் பிற மொழிகளுக்குள் வரும்போது அவற்றுக்கு நேரும் இழப்பு ஆகிய மூன்றும் இதில் கலந்திருக்கின்றன.

இந்திய வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கக்கூடிய வாங் ஷின்னிலிருந்து தொடங்கலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் 4 அன்று, பெண்கள் ஒற்றையர் பேட்மிண்டனில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம் நடந்தது. முதல் கேமை 21-18 என்று வாங் ஷின் கைப்பற்றினார். ஆனால் முழங்காலில் பட்ட அடி அவரை நிற்கவிடவில்லை. இரண்டாவது கேம் தொடங்கியவுடனேயே அவர் விலகிக்கொள்ள, பேட்மிண்டனில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் சாய்னாவுக்குக் கிடைத்தது. இந்த வாங் ஷின் 1985-இல் பிறந்தவர். 2008-இல் பெய்ஜிங்கில் ஜோடி டைவிங்கில் தங்கமும் தனிநபர் மேடை டைவிங்கில் வெண்கலமும் வென்ற வாங் ஷின் 1992-இல் பிறந்தவர்.

தமிழில் எழுதினாலும் ரோமன் எழுத்தில் எழுதினாலும் இருவர் பெயரும் ஒன்றே. சீன எழுத்தில் அப்படி அல்ல. டைவிங் வீராங்கனையின் குடும்பப் பெயரான வாங், 'அரசன்' என்று பொருள் தரும் எழுத்து. மூன்று கிடைக்கோடுகள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அவ்வளவுதான். பேட்மிண்டன் வீராங்கனையின் குடும்பப் பெயரில் இதே எழுத்தின் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று சிறு துளிகள் இருக்கும். அந்த மூன்று துளிகளால் அது முற்றிலும் வேறு குடும்பப் பெயராகிவிடுகிறது. உச்சரிப்பும் மாறுகிறது. முதல் வாங் கீழிருந்து மேலே ஏறும் தொனியில் ஒலிக்கும். இரண்டாவது வாங் உயர்ந்த, மட்டமான தொனியில் ஒலிக்கும். ஷின் மட்டும் இருவருக்கும் ஒரே எழுத்து. பொன்னைக் குறிக்கும் எழுத்தை மூன்று முறை அடுக்கி எழுதுவது அது. வீட்டில் செல்வம் கொழிக்கவேண்டும் என்ற ஆசையில் வைக்கும் பெயர்.

வாங் ஹாவ் விஷயத்தில் இது அப்படியே தலைகீழாகிறது. டேபிள் டென்னிஸ் வீரரின் வாங், அரசன் எழுத்து. லண்டனில் தங்கம் வென்ற டைவிங் வீராங்கனையின் வாங், மூன்று துளிகள் சேர்ந்த எழுத்து. பெர்லினில் 2009-இல் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 20 கிலோமீட்டர் நடைப் போட்டியில் இரண்டாவதாக வந்த இன்னொரு வாங் ஹாவ் இருக்கிறார். அவருக்கு முன்னால் வந்த ரஷ்ய வீரரின் முடிவு பின்னாளில் ரத்தானதால் தங்கம் இவருக்கு வந்தது. இவருடைய ஹாவ், பரந்து விரிந்த நீரைக் குறிக்கும் வேறோர் எழுத்து. இவர்களைத் தவிர சதுரங்க கிராண்ட்மாஸ்டர் வாங் ஹாவ் ஒருவரும் உண்டு. 2013-இல் நார்வேயில் நடந்த போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தையும் மாக்னஸ் கார்ல்சனையும் தோற்கடித்தவர் அவர். 2019-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்று, உலக சாம்பியனுக்கான போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடருக்கும் போனார்.

இந்த நால்வரில் என் மனம் அதிகம் நிற்பது டேபிள் டென்னிஸ் வாங் ஹாவிடம். 2004, 2008, 2012 என்று மூன்று ஒலிம்பிக்குகளின் ஒற்றையர் இறுதியாட்டத்துக்கும் வந்து, மூன்றிலும் தோற்று, மூன்று வெள்ளிகளோடு திரும்பியவர். அப்படி ஒரு வாழ்க்கையை வாழ்ந்த மனிதரைத் தேடும்போது வேறு மூவரின் சாதனைகளும் கலந்து வந்து நின்றால், அவருடைய கதையின் கனம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆக, பெயர் ஒற்றுமையில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, சீன எழுத்திலேயே எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது. மற்றொன்று, சீனருக்கு வேறாகவும் மற்றவர்களுக்கு மட்டும் ஒன்றாகவும் தெரிவது. 'சீனர்களுக்கு எல்லாம் ஒரே பெயர்' என்று அலட்சியமாகச் சொல்கிறவர்கள் இரண்டாவது வகையை முதல் வகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வகைக்கு மிகத் தெளிவான சான்று மூன்று யாங் வெய்கள். ஒருவர் 2008 பெய்ஜிங்கில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றவர். இன்னொருவர் ஏதென்ஸில் ஜாங் ஜியேவென்னுடன் சேர்ந்து பேட்மிண்டன் பெண்கள் இரட்டையரில் தங்கம் வென்றவர். மூன்றாமவர் சீனாவின் ஜே-20 போர் விமானத்தை வடிவமைத்த குழுவின் தலைமைப் பொறியாளர். மூவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே. வெய் மட்டும் மூன்று வேறு எழுத்துகள், மூன்று வேறு தொனிகள். பெய்ஜிங்கில் யாராவது இந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாலே எவரைச் சொல்கிறார் என்று பிரித்தறிந்துவிடலாம். தமிழில் குறில் நெடில் உண்டு; தொனிக்கு எழுத்து இல்லை. அதனால் மூவரும் நமக்கு ஒருவராகிவிடுகிறார்கள்.

லியூ ஷியாங்கும் இப்படித்தான். ஏதென்ஸில் 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.91 விநாடிகளில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்து, 2006-இல் லொசானில் அதை 12.88 ஆக்கிய லியூ ஷியாங்கை அறியாதவர் சீனாவில் இல்லை. சிறகு விரித்து உயரப் பறப்பதைக் குறிக்கும் எழுத்து அவருடைய பெயர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 26.98 விநாடிகளில் நீந்தி, அந்தத் தூரத்தை 27 விநாடிகளுக்குள் முடித்த முதல் பெண் என்ற சாதனையைப் படைத்தவரும் லியூ ஷியாங்தான். அவர் பெயரிலுள்ள ஷியாங், ஹூனான் மாகாணத்தில் ஓடும் ஷியாங் ஆற்றின் பெயர். தொனியும் வேறு. ஆனால் இந்த நீச்சல் வீராங்கனையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ஆள் ஒருவர் சீன வரலாற்றில் இருக்கிறார்: சிச்சுவான் மாகாணத்தைத் தன் பிடிக்குள் வைத்திருந்து 1938-இல் இறந்த படைத்தலைவர் லியூ ஷியாங். சீன எழுத்தில் பார்த்தால் நீச்சல் வீராங்கனையின் பெயர்க்காரர் அந்தப் படைத்தலைவர். தடை ஓட்ட வீரர் அல்ல.

இனி, உண்மையாகவே பெயர் ஒன்றாக இருப்பவர்கள். இங்கே லீ நாவுக்குத்தான் முதலிடம். டென்னிஸ் லீ நா 1982-இல் வூஹானில் பிறந்தவர். 2011-இல் பிரெஞ்சு ஓபனை வென்று, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் ஆசிய நாட்டவரானார். 2014-இல் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார். டைவிங் லீ நா 1984-இல் பிறந்தவர், ஹெஃபெய் நகரத்துக்காரர். சிட்னியில் ஜோடி டைவிங் தங்கத்தோடு, தனிநபர் மேடை டைவிங்கில் 2 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் அமெரிக்காவின் லாரா வில்கின்சனிடம் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். வாள்சண்டை லீ நா 1981-இல் பிறந்தவர். லண்டனில் எப்பே குழுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 2002-இல் சைக்கிள் பந்தயத்தின் கெய்ரின் பிரிவில் உலக சாம்பியனான லீ நாவும் உண்டு. திபெத் பீடபூமியைப் பற்றிய பாட்டு ஒன்றால் 1990-களில் நாடெங்கும் புகழ் பெற்று, 1997-இல் தலைமழித்து பௌத்தத் துறவியான பாடகி லீ நாவைச் சீனாவின் நடுவயதுக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அது அவர் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்.

லீ டிங் கதை இதைவிட நெருக்கமானது. 2004 ஏதென்ஸில், ஒரே வாரத்துக்குள் இரண்டு லீ டிங்குகள் தங்கம் வென்றார்கள். ஒருவர் டைவிங்கில்; மற்றவர் சுன் தியான்தியானோடு சேர்ந்து டென்னிஸ் இரட்டையரில், ஸ்பெயினின் கொஞ்சிதா மார்டினெஸ், விர்ஜினியா ருவானோ பாஸ்குவால் ஜோடியைத் தோற்கடித்து. ஒலிம்பிக் டென்னிஸில் சீனாவின் முதல் தங்கம் அது. இருவருக்கும் அதே குடும்பப் பெயர், அதே டிங். இந்த டென்னிஸ் லீ டிங்கும் டென்னிஸ் லீ நாவும் வூஹானைச் சேர்ந்தவர்கள். 2000-இல் தாஷ்கண்டில் ஜோடியாக ஆடிப் பட்டமும் வென்றவர்கள். டைவிங்கில் தங்கம் வென்ற பெயர்க்காரி ஒருத்தி இருவருக்குமே இருந்தது எத்தனை விசித்திரம்!

இத்தனை ஒற்றுமைக்குக் காரணம் என்ன? முதலாவது, குடும்பப் பெயர்கள் குறைவு. சீனாவில் இன்று புழங்குபவை சில ஆயிரம்தான். அவற்றிலும் வாங், லீ, ஜாங், லியூ, சென் ஆகிய ஐந்து மட்டுமே மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாங், லீ ஆகிய இரண்டிலும் தலா 10 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு என்று எண்ணிவிடவும் கூடாது. 2006 டுரின் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங்கில் வெள்ளி வென்ற ஜாங் டானும் ஜாங் ஹாவும் உடன்பிறந்தவர்கள் அல்ல, சொந்தக்காரர்களும் அல்ல.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது பெயர் வைக்கும் பழக்கத்தில் வந்த மாற்றம். முன்பு பெரிய குலங்களில் குடும்பப் பெயருக்குப் பின் இரண்டு எழுத்துகள் வரும். அவற்றில் ஒன்று தலைமுறை எழுத்து. அண்ணன், தம்பி, பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று ஒரு தலைமுறைக்கே பொதுவான எழுத்து அது. குலத்துக்கென்று முன்னோர் எழுதிவைத்த செய்யுளிலிருந்து வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த எழுத்துதான் அவரவருக்கு உரியது. 1949-க்குப் பிறகு குலப் பதிவேடுகளும் அந்த மரபும் பழமைச் சின்னங்களாகப் பார்க்கப்பட்டன. தலைமுறை எழுத்து பல குடும்பங்களில் மறைந்தது. 1970-களிலும் 80-களிலும் ஒற்றை எழுத்துப் பெயர் நாகரிகமானது: வெய், நா, டிங், மின், ஜிங், லெய், ஹாவ். சொல்ல எளிது, எழுத எளிது. ஆனால் ஒரே ஓர் எழுத்தில் நல்ல பொருளும் இனிய ஓசையும் வேண்டும் என்றால் எல்லோர் கையும் அதே சில எழுத்துகளுக்குத்தான் போகும்.

2007-இல் வெளியான கணக்குப்படி, ஜாங் வெய் என்ற பெயரில் மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் இருந்தார்கள். லீ நாக்கள் சுமார் 2 லட்சத்து 44 ஆயிரம் பேர். 2000 முதல் 2012 வரை ஒலிம்பிக் களத்தில் நின்ற சீன வீரர்கள் பெரும்பாலும் 1970-களின் பிற்பகுதிக்கும் 90-களின் தொடக்கத்துக்கும் இடையில் பிறந்தவர்கள். ஒற்றை எழுத்துப் பெயர்களின் அலை உச்சத்தில் இருந்த காலமும் அதுவே. பதக்கப் பட்டியலில் நாம் காணும் பெயர் ஒற்றுமை, அந்தக் காலத்துப் பெற்றோரின் ரசனை.

மூன்றாவது காரணம் மொழியிலேயே இருக்கிறது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஏறக்குறைய 400 அசைகளே உண்டு. தொனியோடு சேர்த்தால் சுமார் 1,300. எழுத்துகளோ பல ஆயிரம். ஒரே ஓசைக்குப் பல எழுத்துகள் வரத்தானே செய்யும். வாங் வெய் என்ற ஓசையில் எட்டாம் நூற்றாண்டின் மாபெரும் கவிஞரும் இருக்கிறார், 2001 ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலின் மேல் அமெரிக்க உளவு விமானத்தோடு மோதி உயிரிழந்த போர் விமானியும் இருக்கிறார், எஸ்.எஃப். எக்ஸ்பிரஸ் கூரியர் நிறுவனத்தைத் தொடங்கிய கோடீசுவரரும் இருக்கிறார். மூவரின் வெய்யும் மூன்று வெவ்வேறு எழுத்துகள். பெய்ஜிங் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் பொதுச் செயலாளராக இருந்த வாங் வெய், எழுத்தளவில் அந்த விமானியின் பெயர்க்காரர்.

ஆனால் எழுத்து வேறாக இருந்தும் சீனர்களே திணறிய ஒரு வழக்கு உண்டு. பனித்தளத்தில் சறுக்கி ஓடும் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்கில், ஒரே தேசிய அணியில், ஒரே காலத்தில், இரண்டு யாங் யாங்குகள். ஒருவரின் இரண்டாவது யாங் 'உயர்த்து' என்ற பொருளுடையது, மற்றவரின் இரண்டாவது யாங் சூரியனைக் குறிப்பது. தொனி மட்டும் இருவருக்கும் ஒன்றே. காதால் கேட்டுப் பிரிக்கவே முடியாது. சீன ஊடகங்கள் மூத்தவரைப் பெரிய யாங் யாங் என்றும் இளையவரைச் சின்ன யாங் யாங் என்றும் அழைத்தன. சர்வதேசப் போட்டிகளில் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒன்று ஒட்டப்பட்டது. 1976 ஆகஸ்டில் பிறந்தவர் யாங் யாங் ஏ. 1977 செப்டம்பரில் பிறந்தவர் யாங் யாங் எஸ். பிறந்த மாதங்களின் முதலெழுத்துகள் அவை. நம் ஊரில் ஒரே வகுப்பில் இரண்டு குமார்கள் இருந்தால் இனிஷியல் செய்கிற வேலையை இங்கே மாதங்கள் செய்தன.

1998 நாகானோ ஒலிம்பிக்கில் 1,000 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் யாங் யாங் ஏ தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெள்ளி யாங் யாங் எஸ்ஸுக்குப் போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, சால்ட் லேக் சிட்டியில் 2002 பிப்ரவரி 16 அன்று யாங் யாங் ஏ 500 மீட்டரை வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் சீனாவின் முதல் தங்கம் அதுதான். பிறகு 1,000 மீட்டரிலும் அவருக்கே தங்கம். அதே பந்தயத்தில் வெண்கலம் யாங் யாங் எஸ்ஸுக்கு. கொரியாவின் கோ கி-ஹியுன் வெள்ளியோடு நிற்க, பதக்க மேடையில் இரண்டு யாங் யாங்குகள். அந்த 'ஏ', 'எஸ்' மட்டும் இல்லாமலிருந்தால், அந்தப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலைப் படிக்கிறவருக்கு ஒருவருக்கே தங்கமும் வெண்கலமும் கிடைத்ததாகத்தான் தோன்றும். பெரிய யாங் யாங் பின்னாளில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினரானார். 2020 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றார். சின்ன யாங் யாங்கின் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்களில் தங்கம் இல்லை என்பதற்காக அவரை ஓர் அடைப்புக்குறி எழுத்தாக மட்டும் நினைவில் வைப்பது நியாயமல்ல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. சீனப் பெயர்கள் பலவற்றில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. லியூ யாங் என்றால் 2012 ஜூனில் ஷென்சோ-9 விண்கலத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் சீனப் பெண் என்ற பெருமை பெற்றவர். 2022-இல் மறுபடியும் சென்று சீன விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்தார். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் வளையப் பிரிவில் தொடர்ந்து இரு தங்கங்கள் வென்ற ஆண் வீரரும் லியூ யாங்தான். எழுத்தும் ஒன்று, தொனியும் ஒன்று. 'வென்றார்', 'சென்றார்' என்ற நம் மரியாதை வினையும் பால் காட்டாது. வீரர், வீராங்கனை என்ற சொல்லையோ துறையையோ சேர்த்துச் சொன்னால்தான் வாசகருக்குத் தெளிவு கிடைக்கும்.

சீன அரசு ஆட்களை அடையாளம் காணப் பெயரை நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு குடிமகனுக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் பதிவு செய்த வட்டாரத்தையும், அடுத்த எட்டு பிறந்த தேதியையும் காட்டும். அதற்குப் பின் வரும் மூன்று இலக்க வரிசை எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. சதுரங்கத்தில் ஃபிடே அமைப்பும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனி எண் தருகிறது. செய்தி எழுதுகிறவருக்கு அத்தனை எண்கள் வேண்டியதில்லை. பிறந்த ஆண்டு, ஊர், விளையாட்டு ஆகிய மூன்றும் போதும். இந்தக் கட்டுரையில் வந்த எல்லோரையும் அந்த மூன்றால் பிரித்துவிட முடியும். இது மிகையான சிரத்தை அல்ல. 16 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற டைவிங் லீ நாவைத் தேடினால் இன்று முதலில் வருவதெல்லாம் டென்னிஸ் லீ நாவின் படங்கள். புகழில் பெரியவர் சிறியவரை மூடிவிடுவது இயல்பாகவே நடக்கிறது. அதைத் தடுக்க எழுதுகிறவர்தான் முயலவேண்டும்.

இப்போதைய சீனக் குழந்தைகளின் பெயர்கள் வேறு திசையில் போகின்றன. ஒற்றை எழுத்தின் மோகம் வடிந்து, குடும்பப் பெயருக்குப் பின் இரண்டு எழுத்துகள் திரும்ப வந்துவிட்டன. ஆனால் பழைய தலைமுறை எழுத்து அல்ல. பெற்றோர் ஓசை நயம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இணைகள். 2020-இல் பிறந்த குழந்தைகளில் ஆண்களுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் யீசென், பெண்களுக்கு யீனுவோ. பெயர் வைப்பதற்கு முன் அதே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காவல் துறையின் இணையச் சேவையில் பெற்றோர் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. எவருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்று அரிய எழுத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு வேறு தொல்லை: வங்கி, பள்ளி, விமான நிறுவனக் கணினிகளில் அந்த எழுத்து இல்லாமல் போவது. 2013-இல் அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன.

இதன் விளைவு ஓரளவு களத்திலும் தெரிகிறது. சுவான் ஹோங்சான், பான் சான்லே, ஜெங் சின்வென், சுன் யிங்ஷா போன்ற இன்றைய நட்சத்திரங்களின் பெயர்களை வேறொருவரோடு குழப்பிக்கொள்வது கடினம். ஆனாலும் டென்னிஸில் வாங் ஷின்யூ, வாங் ஷீயூ என்ற இருவர், 2001-இல் ஏழு மாதங்களுக்குள் பிறந்தவர்கள், இன்று ஒரே சர்வதேசப் போட்டித் தொடரில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை இருவரும் ஜோடியாகவே வென்றார்கள். இடது கையால் ஆடுகிறவர், அதே ஆண்டு அமெரிக்க ஓபன் சிறுமியர் பட்டத்தையும் வென்றவர் வாங் ஷீயூ. 2023-இல் தைவானின் ஷியே சு-வெய்யோடு சேர்ந்து பிரெஞ்சு ஓபன் இரட்டையரை வென்றவர் வாங் ஷின்யூ.